பிரான்சுக்கு ஆறுதல் சொன்ன சந்திரகலா

முத்தியால்பேட்டையில் என் பக்கத்து வீட்டுச் சந்திரகலாவுக்கு வேலை, பிரான்சில் இருப்பவர்களுக்கு ஆறுதல் சொல்வது. அங்கெல்லாம் மனச்சோர்வுக்குக் கைப்பேசிச் செயலிகள் பெருகிவிட்டன. சந்தா கட்டினால் 'கிளேர்' என்னும் இயந்திரத் தோழி பேசுவாள். கிளேருக்குப் பதில் தெரியாவிட்டால், கேள்வி புதுச்சேரி அலுவலகத்தில் இவள் திரைக்கு வரும். இவள் பள்ளியிலிருந்தே பிரெஞ்சு படித்தவள். தயாராக இருக்கும் இருநூறு வாக்கியங்களில் ஒன்றைத் தேர்ந்து அனுப்ப வேண்டும். சொந்தமாக ஒரு சொல் சேர்க்கக் கூடாது.

கணவர் ராஜவேல் சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் முதுகை முறித்துக்கொண்டு வீட்டோடு இருக்கிறார். இவள் வேலை நிரந்தரமானால்தான் குடும்பம் நிற்கும். ஆறு மாதத்துக்குள் மூன்று எச்சரிக்கை வாங்கினால் வெளியே. ஐந்தாம் மாதத்தில் இரண்டு வாங்கியிருந்தாள். இரண்டும் ஒரே குற்றத்துக்கு: அழுகிறவர்களிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிடுகிறாள்.

"எழவு வீட்லகூட அதத்தான சிஸ்டர் கேக்கறோம்? கை தானா அடிச்சிடுது."

முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தவள் நான். ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை. "கையக் கட்டிக்கினு உக்காரு. ஒரு மாசந்தான்," என்றேன்.

மறுவாரமே மாட்டினாள். நாந்த் நகரத்து முதியவர் ஒருவர், மனைவி போனபின் இரண்டு நாளாகப் படுக்கையை விட்டு எழவில்லை என்று எழுதியிருந்தார். ஆழ்ந்து மூச்சு விடுங்கள் என்று அனுப்பியிருக்க வேண்டும். இவளோ வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். முட்டை இருந்தது. அவரை எழுப்பி, அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லி, தட்டு காலியாகும்வரை விடவில்லை. அவர் ஐந்து நட்சத்திரம் போட்டார். அலுவலகம் மூன்றாவது எச்சரிக்கை போட்டது.

மேற்பார்வையாளர் முகிலனுக்கு இவள் வயதில் பாதி. "அக்கா, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ரூல்ஸ்."

"உன் ரூல்ஸ் சாப்டுச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, வீட்டு நோயாளிகளைப் பார்க்கும் வேலை ஏதாவது கிடைக்குமா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது முகிலன் போன் செய்தான். அந்த ஐந்து நட்சத்திரத்தைத் தலைமை அலுவலகம் பார்த்துவிட்டதாம். இனி தினமும் மதியம் எல்லாச் சந்தாதாரர்களிடமும் கிளேரே சாப்பிட்டீர்களா என்று கேட்பாளாம்.

"எல்லாம் உங்க ஐடியாக்கா!"

"அப்ப எனக்கு?"

"சர்ட்டிபிகேட் வரும்க்கா."

கேள்வியைப் போட்டவர்கள், யாராவது 'இல்லை' என்பார்கள் என்று நினைக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் இல்லை என்றார்கள். கிளேர் எல்லோரையும் ஆழ்ந்து மூச்சு விடச் சொன்னாள். வெறும் வயிற்றோடு ஒருவன் மூச்சை இழுத்து இழுத்து விட்டால் தலைதான் சுற்றும். இதற்கு மனோதத்துவம் படிக்க வேண்டாம். சந்தாவை நிறுத்தத் தொடங்கினார்கள்.

முகிலன் நேரில் வந்தான். கையில் சர்ட்டிபிகேட்டும் இருந்தது.

"நாளைக்கே வந்துடுங்கக்கா. பழைய எச்சரிக்கையெல்லாம் அழிச்சிட்டோம்."

"நிரந்தரம்னு லெட்டர் குடு. இன்னா கேக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

"மொதல்ல வந்து உக்காருங்க, அப்பறம் பேசிக்…"

"லெட்டரு."

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. பதவியின் பெயர், 'உணவுசார் உணர்வு ஆலோசகர்'. ராஜவேல் இரண்டு முறை படித்தார்.

"சமையக்காரின்னு போட்டா இன்னாவாம்?"

சந்திரகலா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.