மகள் வாசித்த கல்

என் மகள் எம்.ஏ. பட்டத்துக்காக வன்னிக் குளங்களின் வரலாற்றை ஆய்வு செய்துகொண்டிருந்தாள். அதில் முக்கியமான அத்தியாயம் ஒரேயொரு கல்வெட்டை நம்பியிருந்தது. வட்டக்கச்சியில் காடு வெட்டி வயலாக்கியபோது கிளம்பிய கல் அது. போன விடுமுறையில் அவள் அதைப் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டு போனாள். எழுத்துகளை மையில் ஒற்றியெடுத்த படி வேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

தாளும் மையும் கொண்டு இருவரும் போனோம். கல் கிடந்த இடத்தில் புதிதாக ஒரு கொட்டில் இருந்தது. உள்ளே எண்ணெய் பூசிய வைரவர் நின்றார்.

"அந்தக் கல்லுத்தான் ரீச்சர்," என்று என்னிடம் சொன்னார் வயல்காரரின் மனைவி. "பிள்ளை குந்தியிருந்து அவ்வளவு நேரம் பாத்த பிறகுதான் அது சும்மா கல்லில்லை எண்டு எங்களுக்கு விளங்கினது. அம்மி பொளியிற ஆளைக் கொண்டு கீறலெல்லாம் அழிச்சுப்போட்டு, சூலம் வெட்டுவிச்சனாங்கள். வடிவாயிருக்கே?"

"ஓம் அக்கா, வடிவாயிருக்கு," என்றாள் மகள். அவர் நீட்டிய திருநீற்றையும் வாங்கிப் பூசிக்கொண்டாள்.

திரும்பும் வழியில், வாய்க்கால் பாலத்தடியில் சைக்கிளை நிறுத்தினாள்.

"அம்மா, அண்டைக்கு நீங்களும் பக்கத்தில நிண்டனீங்கள்தானே. நான் வாசிச்சது சரிதானே?"

"ஓம் பிள்ளை," என்றேன்.

அந்தப் பழைய எழுத்தில் ஒன்றைக்கூட எனக்கு வாசிக்கத் தெரியாது. அது அவளுக்கும் தெரியும். அவள் சைக்கிளில் ஏறிக்கொண்டாள். அன்றிலிருந்து எழுதும் மேசைப் பக்கமே போவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறாள்.