எரிகிற கேபிளில் ஒரு ஹலோ

“ஃபேன ஆஃப் பண்ணு நைனா” என்று யாரிடமோ சொல்லிவிட்டு, தீயிலும் அறாத டெலிபோன் கேபிள் விற்கும் இனாயத்துல்லா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து பம்ப் ஸ்டவ்வை அடிக்கிறார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்திலேயே ஸ்டவ் பின். கம்பளம் விரித்த மேனேஜர் அறையாக இருந்தாலும் இதே கதைதான். நெருப்பு நீலமாகச் சீறத் தொடங்கியதும் முழ நீளக் கேபிள் துண்டு ஒன்றை இடுக்கியால் பிடித்து அதன்மேல் காட்டுவார். மேலுறை பொசுங்கும். அறையில் உள்ளவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அவர் அப்பளம் சுடுகிறவர்போல நிதானமாகத் திருப்பித் திருப்பிப் பிடிப்பார்.

அந்தத் துண்டின் ஒரு நுனியில், குரலை வெளிச்சமாக்கி அனுப்பும் சின்னப் பெட்டியோடு ஒரு டெலிபோன். மறு நுனி, பெரிய உருளையில் சுற்றிய நீளக் கேபிளோடு சேர்ந்து, வேறு மாடியில் இருக்கும் அதேபோன்ற இன்னொரு டெலிபோனுக்குப் போகிறது. “ஹலோ சொல்லுங்க சார்! இங்க எரிஞ்சிக்கினே கீது, அங்க குரல் போய்க்கினே கீது. உள்ள செம்பு இல்ல, கண்ணாடி நூலு. மேல மைக்கா நாடா. நெருப்பு இன்னா பண்ணும்?”

தேனாம்பேட்டையிலிருந்து அடையாறு வரை புதிய மாடிக் கட்டடம் எது எழும்பினாலும் வாசலில் அவருடைய ஸ்கூட்டர் நிற்கும். கேபிளைக் கட்டுவதற்குப் பிளாஸ்டிக் கிளிப் என்று யாராவது சொன்னால் முகம் சுளிப்பார். “கேபிள் தப்பிச்சிரும் சார், கிளிப்பு உருகிரும். அப்பால அது தொங்கி அறுந்துரும். கட்டுக்கம்பிதான் போடணும்.” செய்துகாட்டி முடிந்ததும் சூடான ஸ்டவ்வை வீணாக்க மனம் வராது. பையிலிருந்து சின்னக் கெட்டிலை எடுத்து எல்லோருக்கும் பால் இல்லாத டீ போடுவார். ஆர்டர் தராதவர்களுக்குச் சர்க்கரை தூக்கலாக இருக்கும். உருளைக் கேபிள் கம்பெனிச் சொத்து. மாலையில் கடைசி முழம் வரை சுற்றி ஒப்படைக்காவிட்டால் அவருடைய மேனேஜர் சும்மா விடமாட்டார்.

வீட்டில் இவர் வேறு ஆள். எங்கள் எதிர் போர்ஷன் என்பதால் தெரியும். கேஸ் அடுப்பை அணைத்தாயா என்று கேட்டுக் கேட்டு மனைவி வஜீஹாவின் உயிரை வாங்குவார். அந்த அம்மாள், நான் வேலை பார்க்கும் தேனாம்பேட்டைக் கட்டடத்தில் ஏழாவது மாடி டெலிபோன் ஆபரேட்டர். அங்கே ஒரு விதி உண்டு. தீப்பிடித்தால் கீழே செக்யூரிட்டி அறையிலிருந்து அவளுக்குத்தான் முதல் போன் வரும். அவள் ஒவ்வொரு மாடிக்கும் சொல்லிவிட்டுக் கடைசியாகத்தான் எழுந்து வர வேண்டும். கீழிருந்து வரும் ஒயர் முதலிலேயே எரிந்துவிட்டால் அவளுக்குச் சேதியே போகாது.

அந்தக் கட்டடத்து ஆர்டருக்காக இனாயத்துல்லா ஆறேழு மாதம் அலைந்தார். “கேபிளக் காட்டி ஆர்டர் கேளுங்க. பொண்டாட்டியக் காட்டிக் கேக்காதீங்க” என்று வஜீஹா என் எதிரிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதனால் கட்டடத்துக்குள் அவள் அவருக்கு ‘ஆபரேட்டர் மேடம்’. ஆர்டர் தரவேண்டிய கட்டடச் சங்கச் செயலாளர் சுந்தரராமனுக்கு விஷயமே தெரியாது.

போன வாரம் செக்யூரிட்டி அறையில் ஸ்டவ் எரிந்தது. கேபிள் மாடிப்படி வழியாக ஏழாவது மாடிக்குப் போயிருந்தது. சுந்தரராமன் ரிசீவரை எடுத்து ஹலோ என்றார். “நல்லா கேக்குது சார்” என்று வஜீஹாவின் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. இனாயத்துல்லா நெருப்பைப் பார்க்காமல் சுந்தரராமனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேஷா இருக்கு ஓய். ஆனா இத்தனை வருஷத்துல இந்த பில்டிங்ல ஒரு பொறிகூடப் பறந்ததில்லை. சாதா ஒயரே போறும்.” எதிரே ஸ்டவ் சீறிக்கொண்டிருந்ததை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இனாயத்துல்லா வாயைத் திறந்தார். ‘மேலே இருப்பது என் மனைவி’ என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். “சரிங்க சார்” என்றார். சுந்தரராமன் லிஃப்டில் ஏறிப் போனார்.

ஸ்டவ் அணைந்தது. கெட்டில் வெளியே வரவில்லை.

“டீ இல்லியா பாய்?” என்றார் செக்யூரிட்டி.

இனாயத்துல்லா குனிந்தார். எரிந்த துண்டைக் கழற்றிவிட்டுப் புதுத் துண்டு ஒன்றைப் பொருத்தினார். ரிசீவரை எடுத்தார். “ஆபரேட்டர் மேடம், அந்த போன் அங்கியே இருக்கட்டும்.”

அப்புறம் பையிலிருந்து கட்டுக்கம்பியை எடுத்துக்கொண்டு படியேறினார். சுற்றி எடுக்க வேண்டிய கேபிளைக் கைப்பிடிக் கம்பியோடு சேர்த்து முறுக்கிக் கட்டிக்கொண்டே மாடி மாடியாக மேலே போனார். காலி உருளை செக்யூரிட்டி அறையிலேயே கிடந்தது.