ரெமிஜியுஸ் சார் போட்ட சால்வை

ரெமிஜியுஸ் சார் இன்று காலையில் போய்விட்டார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே...

கல்லூரியில் என்னோடு வேலை பார்த்தவர். அவர் விலங்கியல், நான் ஆங்கிலம். நண்பர் என்று எழுதக் கை வரவில்லை. பல வருடம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு அது தெரியும்.

சாவதற்கு அவருக்கு வேறு நாள் கிடைக்கவில்லை. நாளை காலை அவர் ஊருக்கு வங்கியின் குறைகேட்புக் குழு வருகிறது.

விவரம் தெரியாதவர்களுக்காக... தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரையில் அவர் ஊர். பக்கத்தில் ஒரு தனியார் அனல்மின் நிலையம். அதற்குக் கடன் கொடுத்தது ஒரு வெளிநாட்டு வளர்ச்சி வங்கி. நிலையத்தின் வெந்நீர் விழுகிற இடத்தில்தான் ஊர்க்காரர்கள் சங்கு குளிக்கும் பார் இருக்கிறது, கடலடிப் பாறைத் திட்டு. இப்போது அங்கே சங்கும் இல்லை, மீனும் இல்லை.

வெந்நீர்க் குழாயை வேறு பக்கம் மாற்றாமல் இரண்டாம் கட்டக் கடனை விடக்கூடாது. எங்கள் மனு அவ்வளவுதான்.

முதல் கட்டத்தின்போது வங்கிக்காரர்கள் வந்த நாள் நினைவிருக்கிறது. ஊரே சமூகக் கூடத்தில் கூடியிருந்தது, அத்தனை பேரும் கொதித்துப் போய். சார் என்ன செய்தார் தெரியுமா? வந்த எல்லோருக்கும் சால்வை போட்டார். இளநீர் கொடுத்தார். அப்புறம் பந்தி. சீலா மீன் குழம்பு.

"மொதல்ல சாப்பிடட்டும் வே. வெறும் வயித்துல இருக்கவங்கிட்ட கொறையச் சொன்னா காதுல ஏறாது."

ருசித்துச் சாப்பிட்டார்கள். முள் எடுக்கத் தெரியாத ஓர் அம்மாவுக்குச் சார் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தார். கை கழுவியதும் ஃப்ளைட்டுக்கு நேரமாகிவிட்டது. கார்கள் வாகைக்குளம் விமான நிலையம் பக்கம் பறந்தன. பேச வந்திருந்த ஊர்க்காரர்கள் எச்சில் இலை எடுத்தார்கள்.

சில மாதம் கழித்து வங்கியின் இணையதளத்தில் அறிக்கை. முதல் பக்கத்திலேயே சால்வையும் சிரிப்புமாக ஒரு படம். மீனவ மக்கள் திட்டத்தை அன்போடு வரவேற்றதாகக் கீழே குறிப்பு.

அதைப் பிரிண்ட் எடுத்து ஸ்டாஃப் ரூமில் அவர் மேசைமேல் போட்டேன். எடுத்துப் பார்த்தார்.

"வீட்டுக்கு வந்தவங்களுக்குச் சோறு போட்டது தப்பா வே?"

"சோறு தப்பில்ல. சோத்துக்கு முன்ன வாயத் தெறந்திருக்கணும். உம்ம மரியாதைய அவன் சம்மதம்னு எழுதிட்டான், பாத்தீரா?"

"அது அவன் புத்தி. அதுக்காக நம்ம புத்திய மாத்திக்கிடணுமா?"

அவ்வளவுதான். அவர் ரிட்டயர் ஆகும்வரை பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தும் பேசவில்லை. அந்தப் படத்தை நான் மன்னிக்கவில்லை. இன்றும் இல்லை.

இரண்டாம் கட்டம் வருகிறது என்று செய்தி வந்ததும் ஒருநாள் என் வாசலில் வந்து நின்றார்.

"மனு இங்கிலீஷ்ல எழுதணும். கோவம் உமக்குத்தான் நல்லா வரும்."

எழுதினோம். முதல் வரியில் 'தங்கள் முந்தைய வருகைக்கு நன்றி' என்று சேர்த்தார். அடித்தேன். மறுபடி சேர்த்தார். கடைசியில் மனு நன்றியோடுதான் போனது. இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது...

இன்று மத்தியானம் அவர் வீட்டில் இருந்தேன். மின் நிலையத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி பெரிய மாலையோடு வந்தார். மாலையை வைத்துவிட்டு நேராக என்னிடம்.

"சார், இந்த நெலமையில எப்படி மீட்டிங்? தள்ளி வைக்கச் சொல்லி நாங்களே மெயில் போட்டுடுதோம்."

தள்ளி வைத்தால் குழு திரும்பி வருவதற்குள் கடன் கை மாறிவிடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ஊர்க் கமிட்டியிலேயே இரண்டு பேர் தலையாட்டினார்கள். "சாருக்கு ஒரு மரியாதை" என்றார்கள்.

மறுபடியும் மரியாதை! சாவு வீட்டில் கத்தவும் முடியாது.

ஃப்ரீசர் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஜெயராணி அக்கா, சாருடைய மனைவி, தலையைத் தூக்கினார்.

"மவன் கப்பல்லருந்து எறங்கி வர நாளைக்குச் சாயங்காலம் ஆவும். அதுவரைக்கும் இவுக இங்கனதான் கெடப்பாக. அவங்களும் இங்கனயே வந்து கேக்கட்டும்."

"அக்கா... வெளிநாட்டுக்காரங்க. சாவு வீட்ல போய்..." என்று இழுத்தார் கமிட்டிக்காரர் ஒருவர்.

"சாவு வீடுதான். குசினியில அடுப்பு எரியாது. யாரும் வாங்கன்னு கூப்பிட மாட்டோம். சால்வையும் கெடையாது. வந்தா கொற கேக்கலாம், அம்புட்டுதான்."

அதிகாரி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யாரிடம் பேசினாரோ.

அவருக்கு முந்தி நான் மெயில் போட்டேன். இடம் மட்டும் மாறியிருக்கிறது, நேரம் மாறவில்லை என்று. நன்றி ஏதும் எழுதவில்லை. சற்று முன்புதான் பதில் வந்தது, ஒரே வரி. வருகிறார்கள்.

நாளை வருகிற ஊர்க்காரர்களுக்கு ஒன்று. யாரும் கும்பிட்டு எழுந்து நிற்க வேண்டாம், நாற்காலியைத் துடைத்துப் போட வேண்டாம். சங்கு குளிக்கிறவர்கள் முன்னால் உட்காருங்கள். குழுவினர் உட்கார்ந்ததும் பேச ஆரம்பியுங்கள்.

சாருக்கு இதெல்லாம் பொறுக்காது. எழுந்திருக்க முடிந்தால் வருகிறவர்களுக்கு முதல் வேலையாகக் கலர் சோடா வாங்க ஆள் அனுப்புவார்.

நான் கிளம்பும்போது பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். சாவு வீட்டில் யாரும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை.

நானும் சொல்லவில்லை, வே.