துளை மறையாத துணி

தைக்கும்போது பேட்ஜக்கா வாயைத் திறக்க மாட்டார், பிரிக்கும்போதுதான் பேச்செல்லாம். பாதியாக உடைத்த பிளேடின் முனையை நூலுக்கு அடியில் நுழைத்து ஒரு வெட்டு, அறுந்த துண்டை வாயால் ஒரு ஊது, "அப்புறம் தம்பி, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" மறுபடி ஊசி துணியில் இறங்கிவிட்டால் போச்சு. நீங்கள் பதில் சொன்னீர்களா, எழுந்து போய்விட்டீர்களா என்பதுகூட அவருக்குத் தெரியாது.

வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும் கடை. கண்ணாடிக் கதவு, இரண்டு தையல் மெஷின், ஒரு கட்டிங் மேஜை, சுவர் முழுக்க நூல்கண்டுகள். பள்ளிச் சீருடைக்குப் பேட்ஜ், காவலாளிகளின் தொப்பிக்குக் கம்பெனி முத்திரை, மருத்துவமனை மேலங்கிக்குப் பெயர் என்று வருகிற வேலை எல்லாவற்றையும் தைத்துத் தருவார். அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் வளாகத்தில் பாதிப் பேர் முழிப்பார்கள். பேட்ஜக்கா என்றால் வாட்ச்மேன்கூடக் கைபிடித்துக் கொண்டுவந்து விடுவார்.

கடையின் பின்பக்கம் ஒரு திரை உண்டு. அதை விலக்கினால் கொடியில் வரிசையாக மெல்லிய வெள்ளைத் துணிகள் தொங்கும், ஒன்றன் பின் ஒன்றாக, இடையில் ஒரு விரல் இடைவெளி விட்டு. ஒவ்வொன்றிலும் அவருடைய மூளையின் ஒரு சீவல் தைத்திருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஏதோ பூ, ஏதோ கோலம். எதிரே நின்று பார்த்தால் எல்லாம் ஒன்று சேர்ந்து, ஒரு முழு மண்டைக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி ஆழம் கூடிவிடும். அவரைப் பற்றிப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதப் போயிருந்த நான், முதல் தடவை பார்த்தபோது ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பயப்படாதீங்க, காலியாத்தான் இருக்கு."

ஆரம்பித்தது இப்படி. ஒருநாள் மெஷினில் உட்கார்ந்திருக்கையில் வலது கட்டைவிரல் தன்னால் துடித்தது. துடிப்பு மணிக்கட்டுக்கு ஏறி, முழங்கைக்கு வந்து, கை தனியாக ஆடி அடங்கியது. ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடது பக்கத்தில், வலது கையை ஆட்டிவைக்கும் இடத்தை ஒட்டி, ஒரு சின்னக் கட்டி. மற்றவர்களாக இருந்தால் அந்தப் படத்தைப் பீரோவில் போட்டுப் பூட்டியிருப்பார்கள். இவர் கடைக் கண்ணாடிக் கதவில் ஒட்டி, வெளிச்சத்தில் பார்த்திருக்கிறார். "இவ்ளோ நல்ல டிசைன உள்ள வெச்சுக்கிட்டு, நான் போயி ஸ்கூல் பேட்ஜ் தைச்சுக்கிட்டிருக்கேன் பாருங்க" என்று என்னிடம் உண்மையான ஆற்றாமையுடன் சொன்னார்.

நிறமெல்லாம் வேலையில் மிஞ்சிய நூல். மடிப்புகளுக்கு ஏதோ ஒரு பள்ளியின் கிளிப்பச்சை, ஓரத்துக்குக் காவலாளித் தொப்பியின் கருநீலம். அந்தக் கட்டிக்கு மட்டும் வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். விரலால் தடவினால்தான் தெரியும். அதற்கு அவர் வைத்த பெயர் 'குடித்தனக்காரன்'. "கேக்காமயே வந்து உக்காந்துட்டான். கலர் வேற குடுக்கணுமா அவனுக்கு?"

படத்தில் இல்லாததையும் தைத்திருக்கிறார். ஒரு மடிப்புக்குள் நெருக்கமாக முடிச்சுத் தையல்கள், குருணை அள்ளிப் போட்ட மாதிரி. என்னவென்று கேட்டேன். "அது எங்க மாமியார் பேசினது. ஒண்ணுவிடாம இருக்கு." பக்கத்து மடிப்பில் ஒரே ஒரு மஞ்சள் தையல். "நாத்தனார் ஒரு தடவ என்னை நல்லவள்னு சொன்னா. அது அங்க இருக்கு." மனம் எங்கே இருக்கிறது என்று டாக்டரிடமே கேட்டிருக்கிறார். டாக்டர் சரியாகப் பதில் சொல்லவில்லையாம். "அவங்களுக்குத் தெரியலன்னா விட்ர முடியுமா? எனக்குத் தெரிஞ்ச எடத்துல நான் தைச்சுட்டேன்."

டாக்டர் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லியிருந்தார். கட்டி மெதுவாக வளர்கிற ரகம், பொறுத்துப் பார்க்கலாம். ஆனால் கையில் சின்ன மாற்றம் தெரிந்தாலும் உடனே வந்து சொல்ல வேண்டும். அதற்குமேல் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து, ஆபரேஷன் செய்தாக வேண்டும். செய்தால் கை பழையபடி இருக்குமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அக்காவின் காதில் விழுந்தது அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான்.

இந்தத் துணிகளைப் பற்றிக் கேள்விப்பட்ட ஓர் ஓவிய ஆசிரியர், அவற்றை மருத்துவமனையின் நீளமான நடைவழியில் காட்சிக்கு வைக்க ஏற்பாடு செய்தார். நல்ல மனிதர்தான். என்ன, எதைப் பார்த்தாலும் கண்ணை மூடித் தலையை ஆட்டுவார். தொங்கவிடுகிற அன்று நானும் போயிருந்தேன். அக்காவின் வீட்டுக்காரர் ஏணிமேல் நின்று கம்பிக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக், அளந்து பேசுகிறவர்.

கம்பியில் துணிகள் ஏறின. நடைவழியின் ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து அடித்தது. ஓவிய ஆசிரியர் கடைசித் துணிகளின் அருகே போய் நின்று, வழக்கம்போல் கண்ணை மூடித் திறந்தார். "என்னம்மா இது! நூலே இல்லாம, வெறும் ஊசித் துளையாலயே ஒரு கோடு போட்டிருக்கீங்க! இருந்தது போயிடுச்சு, தடம் மட்டும் நிக்குதுன்னு சொல்ற மாதிரி... எப்படி இந்த யோசனை வந்துச்சு?"

ஏணிமேல் டிரில் நின்றது.

அக்கா, "சும்மா ஒரு இதுக்காகத்தான்" என்று எதையோ முணுமுணுத்துத் துணியைத் திருப்பப் பார்த்தார். அதற்குள் மெக்கானிக் இறங்கிவிட்டார். எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, முதல் துணியை ஒளிக்கு எதிரே பிடித்தார். சுத்தமாக இருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. நடுவில் ஓரிரு துளைகள். போகப்போகத் துளைகள் பெருகின. கடைசித் துணியில் கிளிப்பச்சைத் தையலின் ஓரமெங்கும் பிரித்துப் பிரித்துத் தைத்த தடம், சல்லடை மாதிரி. தடித்த துணியாக இருந்தால் நகத்தால் தேய்த்து, இஸ்திரி போட்டு மறைத்துவிடலாம். இவ்வளவு மெல்லிய துணி எதையும் மூடி மறைக்காது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொஞ்ச மாதங்களாக அக்கா என்னிடம் நிறையப் பேசினார். கட்டுரைக்கு நல்ல தீனி கிடைக்கிறது என்று நான் உச்சி குளிர்ந்து போயிருந்தேன். பிரிக்கும்போதுதானே அவர் பேசுவார்!

"எத்தன நாளா?" என்றார் மெக்கானிக்.

"கடையில லைட்டு சரியில்லங்க."

"லைட்ட நான் மாத்திக் குடுத்து வருஷம் ஒண்ணு ஆகல. கை எத்தன நாளா இப்படி?"

அக்கா துளைகளை உள்ளங்கையால் மூடினார். ஓவிய ஆசிரியர் நிலைமை புரியாமல் ஒரு அடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார். அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் புகழாமல் இருந்திருந்தால் எங்களில் யாரும் பார்த்திருக்கவே மாட்டோம்.

"லிஃப்டுல சத்தம் லேசா மாறினாலே ஆளை ஏத்தாம நிறுத்திப்புடுவேன்" என்றார் மெக்கானிக். குரல் உயரவில்லை. "வீட்ல இவ்ளோ நடந்திருக்கு. எனக்குக் காது கேக்கல பாரு."

"சொன்னா வெட்டணும்பாங்க. கை போயிட்டா அப்புறம் நான் யாரு? உங்களுக்குச் சோறு வடிக்கிற ஆளு, அவ்ளோதானே?" அக்கா அழவில்லை. வெடித்தார். வார்டு கதவுகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"நீ இருந்தாப் போதும். சோறு நான் வடிக்கிறேன்."

"உங்களுக்குப் போதும். எனக்கு?"

மெக்கானிக் ஏணியை மடக்கிச் சுவரில் சாய்த்தார். அன்றே அதே கட்டடத்தின் மேல்மாடியில் டாக்டரைப் பார்த்தார்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போனார் அக்கா. வீட்டுக்காரருடன் தனியாக உட்காரப் பயம்.

மூளை அறுவை மருத்துவர் ஒரு பெண்மணி. புதிய ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இனித் தள்ளிப்போட முடியாது என்றார். பிறகு சொன்னது எங்கள் மூவரையும் தூக்கிவாரிப் போட்டது. "கட்டிய எடுக்குற நேரத்துல உங்கள முழிக்க வெச்சிடுவோம். மூளைக்கு வலி தெரியாது. நீங்க பாட்டுக்குத் தைச்சுக்கிட்டே இருக்கணும். நாங்க ஒவ்வொரு இடமா லேசா கரண்ட் வெச்சுத் தொட்டுப் பாப்போம். எங்க தொட்டா உங்க கை தடுமாறுதோ, அந்த இடத்துல கத்தி வைக்க மாட்டோம்."

"தடுமாறலன்னா?" என்றார் அக்கா.

"எடுத்துட்டு மேல போவோம். நாங்களும் கையப் பாத்துக்கிட்டேதான் இருப்போம். ஆனா சின்னத் தடுமாற்றம் எங்க கண்ணுல படுறதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சிடும். ஒடனே நிறுத்திச் சொல்லணும். சமாளிக்க மட்டும் கூடாதும்மா. சமாளிச்சீங்கன்னா நாங்க தெரியாம கையோட இடத்தயே வெட்டிடுவோம்."

இத்தனை வருடமும் சமாளித்தே தொழில் செய்தவரிடம் போய் இதைச் சொன்னார்கள். அவருடைய வேலையில் அதற்கென்றே ஒரு வித்தை இருக்கிறது. தையல் வழுக்கிக் கோணலாகிவிட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் அடுத்த இரண்டு தையலை அதன்மேல் வளைத்து ஓர் இலையாக்கிவிடுவார். 'இலை போட்டு மூடுறது' என்பார். அவர் தைத்துக் கொடுத்த பேட்ஜ்களில் உள்ள இலைகளில் எத்தனை நிஜ இலை என்று அவருக்கே தெரியுமோ என்னவோ. யோசித்துச் செய்கிற காரியமில்லை அது. கை தானாகச் செய்துவிடும்.

அதனால் மத்தியானங்களில் ஒத்திகை ஆரம்பமானது. கதவைச் சாத்திவிட்டு, கட்டிங் மேஜைமேல் போர்வையை விரித்து அக்கா ஒருக்களித்துப் படுப்பார், ஆபரேஷன் மேஜையில் படுக்க வேண்டியபடியே. முகத்துக்கு நேரே சின்ன எம்பிராய்டரி ஃபிரேமை மெக்கானிக் பிடித்துக்கொள்வார். தைக்க வேண்டியது ஒரு நேர்கோடு. இலை, பூ எதுவும் கூடாது. கை தடுமாறினால் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் கோடு முழுக்க நேராகப் போயிற்று, நடுவில் இரண்டு இலை. "நேர்கோட்டுல இலை எங்கேருந்து வந்துச்சு?" என்றார் மெக்கானிக். "அழகா இருக்கட்டுமேன்னு." மறுநாள் மூன்று இலை. அவர் ஃபிரேமை மேஜைமேல் போட்டுவிட்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். அக்கா என்னைப் பார்த்து, "நான் வேணும்னேவா செய்யறேன்? நிறுத்தணும்னு நெனைக்கிறதுக்குள்ள கை மூடிடுது தம்பி" என்றார். அவர் முகத்தில் அன்றுதான் பயத்தைப் பார்த்தேன். குடித்தனக்காரனைப் பற்றிப் பேசும்போதுகூட அது இருந்ததில்லை.

நேற்றும் போயிருந்தேன். ஆபரேஷன் வருகிற வாரம். மெக்கானிக்கின் கண் ஃபிரேமை விட்டு நகரவில்லை. ஆனால் அவருக்குத் தையல் தெரியாது, இலை விழுந்த பிறகுதான் தெரியும். நானும் அந்த லட்சணம்தான். மேஜைக்கு இந்தப் பக்கம் நிற்கிற இரண்டு ஆண்களாலும் ஒரு உபயோகமும் இல்லை. ஊசி இறங்கி ஏறியது. கோடு பாதி தாண்டியது.

"நல்லாத்தானே போகுது" என்றார் மெக்கானிக்.

ஊசி நின்றது. எனக்குக் கோடு நேராகத்தான் தெரிந்தது. அக்காவின் கட்டைவிரல் வளையத் தொடங்கியது, அடுத்த தையலுக்கு, இலைக்கு. அந்த விரலை இடது கையால் இறுக்கிப் பிடித்தார். மூச்சை இழுத்து விட்டார். பிறகு ஊசியைத் துணிக்கு அடியில் தள்ளி, எங்கள் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோணல் தையலின் மேலேயே முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.