கரண்டின் மேல் போட்ட பழி

ஒரு கிராமத்தின் பெயர்களை அழித்தவன் நான். மின்சாரம்தான் அழித்தது என்று இத்தனை காலமும் சொல்லி வந்தேன்... பொய்!

போர்நிறுத்தச் சமாதானக் காலத்தில் வவுனியாவில் தட்டச்சுக் கடை வைத்திருந்தேன். ஒரேயொரு கணினி. எதிர்க் கடைக்காரன் புதிதாக ஒன்று இறக்கியதும் எனக்குப் பொறுக்கவில்லை. அதுபோல வாங்க வசதியும் இல்லை. ஆகவே என் பழைய கணினியின் புரசெசர் வேகத்தை, அது தாங்கக்கூடிய அளவுக்கு மேலே ஏற்றிவிட்டேன். அதைக் குளிர்விக்க, வாங்கியபோது கூடவே வந்த சின்ன விசிறி மட்டும்தான். வன்னி வெயிலில்! வந்தவர் போனவருக்கெல்லாம் அந்த வேகத்தைக் காட்டிப் பெருமையடித்தேன்.

அப்போதுதான் சலீம் நானா வந்தார். முல்லைத்தீவுப் பக்கத்து ஊரிலிருந்து எப்போதோ இடம்பெயர்ந்த குடும்பம். கூடவே அவருடைய மூத்த சகோதரி. ராத்தா என்று கூப்பிடுவார். ஊருக்குத் திரும்பும் நேரத்தில், எந்த வீட்டு வளவில் யார் இருந்தார்கள் என்று காட்டப் பலரிடம் காணி உறுதிப் பத்திரங்கள் இல்லை. ராத்தாவின் ஞாபகம்தான் இருந்தது. சந்து சந்தாக, ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாக, பிள்ளைகளின் பெயர் வரைக்கும் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். நோயாளி. மூச்சு வாங்க, நிறுத்தி நிறுத்தித்தான் சொல்வார்.

இரண்டு தடவை திரை உறைந்து நின்றது. ஏன் என்று எனக்குத் தெரியும்; ஏற்றிய வேகத்தின் சூடு! நீங்களாக இருந்தால் வேகத்தைக் குறைத்திருப்பீர்கள். நான் என்ன செய்தேன்? கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். அந்தப் பெண்ணுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்த மேசைவிசிறியைக் கணினிப் பக்கம் திருப்பினேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்து சொன்னார்.

வேகத்தைக் குறைத்தால் எதிர்க் கடைக்காரனிடம் தோற்றதாகிவிடுமே... எவ்வளவு அற்பம்! பிளொப்பியில் ஒரு பிரதியாவது எடுத்தேனா? எல்லாம் முடிந்ததும் எடுக்கலாம் என்றிருந்தேன்.

கடைசி ஒழுங்கைக்கு வந்த நாளில் கணினி மறுபடி உறைந்தது. நிறுத்தித் திரும்பப் போட்டேன். கோப்பு திறந்தது; உள்ளே பெயர்கள் இல்லை. குப்பை எழுத்துகள்தான். என்னென்னவோ செய்து பார்த்தேன், ஒன்றும் மீளவில்லை.

“கரண்ட் கூடிக் குறைஞ்சதில எல்லாம் போயிட்டுது, நானா,” என்றேன். எங்கள் ஊரில் அதை நம்பாதவர் யார்?

அவர் என் தோளில் கை வைத்து, கவலைப்படாதீர்கள் என்று தேற்றினார். என்னை! வெட்கத்தில் என்னால் நிமிர முடியவில்லை.

ராத்தா கொஞ்சம் தேறியதும் மறுபடி தொடங்கலாம் என்று சொல்லிப் போனார்கள். அவர் தேறவேயில்லை. அடுத்த மாதம் மௌத்தாகிவிட்டார்.

நானா தனியே வந்து உட்கார்ந்தார். ஆண்களின் பெயர்கள் அவருக்கு வந்தன. பெண்கள், பிள்ளைகளின் பெயர்கள் பாதி வரவில்லை. கிணற்றடி ஒழுங்கையில் ஒரு வீட்டோடு நின்றேவிட்டார். கண்ணை மூடி யோசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, ராத்தா சொல்லேக்க நீங்கதானே தட்டினது... இந்த வீட்டுப் பிள்ளையளின்ர பேர் உங்களுக்கு ஞாபகம் இல்லையோ?”

இல்லை. என் விரல்கள் தட்டிய பெயர்கள்தான்... ஆனால் என் கண்ணெல்லாம் திரையின் மூலையில் வேகத்தைக் காட்டிய இலக்கத்திலேயே இருந்தது.

அந்த இடத்தை வெறுமையாக விட்டே அச்சடித்துக் கொடுத்தேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. நானா எனக்கு நன்றி சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.