பருப்பு சாதம் வந்தால் நின்றுபோகும் கேமரா

மகளுக்குப் பத்து மாதம் ஆனபோது மீண்டும் வேலைக்குப் போகத் தொடங்கினேன். வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில், அலுவலகம் வேளச்சேரியைத் தாண்டி. பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் அழுகை வரும், கிடைக்காவிட்டால் நெரிசலில் அழுகை மறந்துபோகும். அதனால் முதல் வாரம் முழுவதும் நின்றுகொண்டே போனேன்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாடம்பாக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். ஏற்கெனவே எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் பிள்ளைகளை வளர்த்துக்கொடுத்தவர். எல்லோரும் நல்லவிதமாகத்தான் சொன்னார்கள். நல்லவிதமாகச் சொன்னதாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. எல்லோரும் ஒரே மாதிரி ஏன் சொல்கிறார்கள்? இப்படித்தான் அப்போது என் மூளை வேலை செய்துகொண்டிருந்தது.

கேமரா யோசனை என் கணவருடையது. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது, அகலப்பட்டை இணைப்பும் புதிதாக வந்திருந்தது. ரிச்சி தெருவில் ஒரு வெப்கேமரா வாங்கிவந்து மானிட்டர் தலைமேல் உட்காரவைத்தார். இலவச மென்பொருள் ஒன்றை இறக்கி நிறுவினார். அது சில நொடிகளுக்கு ஒருமுறை கூடத்தைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றும். அலுவலகத்தில் நான் ஒரு முகவரியைத் தட்டினால் கடைசியாக ஏறிய படம் தெரியும். பகலில் மானிட்டரை மட்டும் அணைத்துவைப்போம். இல்லையென்றால் வெளிச்சத்தைப் பார்த்து மகள் தவழ்ந்து வந்து கீபோர்டைப் பிடுங்குவாள்.

அக்காவிடம் ஒளிக்கவில்லை. "இது வழியா நான் ஆபீஸ்லேர்ந்து பாப்பாவைப் பாத்துக்குவேன்க்கா" என்று சொன்னேன். அவர் கேமராவை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்தினிக்கூண்டு கண்ணு, அங்கிருந்து தெரியுமா? பரவாயில்லியே."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் வாரத்தில் மென்பொருள் தன் இஷ்டத்துக்கு நின்றது. அதற்குக் காரணம் எளிது. வெகுநேரம் யாரும் தொடாவிட்டால் கம்ப்யூட்டர் தானே உறங்கிவிடும் ஓர் அமைப்பு இருந்தது. கணவர் அதை நீக்கினார். இரண்டு நாள் படம் ஓடியது. மகள் பொம்மையைக் கடித்தாள், தூங்கினாள், எழுந்து அக்காவின் கொண்டையைப் பிடித்திழுத்தாள். எல்லாவற்றையும் நான் துண்டு துண்டாகப் பார்த்தேன். மதிய உணவு வேளையில் என் மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

"ஐயோ, எவ்ளோ அழகா வாயைத் திறக்கிறா பாரு!"

"ஒரு கிண்ணம் காலி! எங்க வீட்டு வாண்டு நாலு வாய் சாப்பிட நாலு தெரு சுத்தணும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அக்காவிடம் அதைச் சொன்னேன். உங்கள் கையால் பாப்பா எப்படிச் சாப்பிடுகிறாள் என்று அலுவலகமே வியந்தது என்று பாராட்டாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிரவு மகள் வாந்தி எடுத்தாள். மறுநாள் காலை விஷயம் தெரிந்ததும் அக்கா சமையலறையிலிருந்து உப்பும் மிளகாயும் எடுத்துவந்தார்.

"கொஞ்சம் சுத்திப் போட்டுடறேன்மா."

"அதெல்லாம் வேண்டாம்க்கா. பல் முளைக்குதுன்னு டாக்டர் ஏற்கெனவே சொல்லிட்டார்."

அவர் உப்பை ஜாடியில் திரும்பக் கொட்டினார்.

அன்றிலிருந்து மென்பொருள் தினமும் நின்றது. காலையில் நன்றாக ஓடும், மதியம் உறைந்துபோகும். கடைசியாக ஏறிய படம் மட்டும் மாலை வரை என் திரையில் அப்படியே நிற்கும். மாலை வீட்டுக்கு வந்து மானிட்டரைப் போட்டால், கேமரா கிடைக்கவில்லை என்று ஒரு பெட்டி தோன்றும். மானிட்டர் தலைமேல் உட்கார்ந்து கேமரா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். வயர் ஒழுங்காகச் செருகியிருக்கும். மென்பொருளை மூடித் திறந்தால் ஒரு குறையும் இல்லாமல் ஓடும்.

அந்த மாதக் கடைசிக்குள் அலுவலகத்தில் நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. புதிய திட்டம் ஒன்று தொடங்கவிருந்தது. வருகிறேன் என்றால் முழுநேரம் வர வேண்டும், முடியாதென்றால் வேலையை விட்டுவிடுவது நல்லது என்று மேலாளர் பக்குவமாகச் சொல்லியிருந்தார். மகளைப் பார்க்க முடிந்தால் வருவேன், முடியாவிட்டால் விட்டுவிடுவேன் என்று நான் மனதுக்குள் முடிவுசெய்திருந்தேன். பொறியியல் படித்த நான் என் வேலையை ஓர் இலவச மென்பொருளின் கையில் கொடுத்திருந்தேன். கணவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அஸ்தினாபுரத்திலிருந்து கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் வந்தார். மென்பொருளைத் திறக்கும் முன்பே தீர்ப்புச் சொன்னார்.

"ஃபார்மட் பண்ணிடலாம் மேடம்."

"கேமராவில் ஏதாவது பிரச்சினையா இருக்குமோ?"

"இருக்கலாம். ஃபார்மட் பண்ணிட்டா தெரிஞ்சுடும்."

ஃபார்மட் செய்தார். மகளின் பெயர் சூட்டு விழாப் படங்களை அதற்குமுன் குறுந்தகட்டில் ஏற்றிவிட்டேனா என்று அவர் போன பிறகும் மூன்று முறை சரிபார்த்தேன். மறுநாள் மதியம் படம் வழக்கம்போல் நின்றது. வைரஸ் தடுப்பானை நீக்கினோம். வயரை வேறு துளையில் மாற்றினோம். கேமராவையே கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினோம். புதிதும் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மென்பொருள் நல்ல பிள்ளையாகக் காலை முதல் இரவு வரை ஓடியது. அதனால் கோளாறு என் அலுவலக இணைப்பில்தான் என்று சில நாள் நம்பினேன். அலுவலகத்திலிருந்து பார்ப்பதால் வீட்டில் கேமரா எப்படித் தொலையும் என்று கணவர் கேட்டார். ஆனாலும் இன்னும் ஒரு நாள் நம்பினேன்.

பிறகுதான் அந்தக் கடைசிப் படங்களை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே படம். மகள் பாயில் உட்கார்ந்திருக்கிறாள், கழுத்தில் துண்டு கட்டியிருக்கிறது, பக்கத்தில் எவர்சில்வர் கிண்ணம். முதல் வாய்கூட உள்ளே போயிருக்காது, படம் நின்றிருக்கும்.

கிண்ணம்தான் காரணம் என்று எனக்குப் பட்டது. ஜன்னல் வெளிச்சம் எவர்சில்வரில் பட்டுத் தெறித்து கேமராவின் கண்ணைக் கூசச் செய்கிறது, அது செயலிழக்கிறது! மென்பொருள் பயனர்கள் பேசிக்கொள்ளும் இணையதளத்தில் ஆங்கிலத்தில் மிகவும் மரியாதையாக ஒரு கேள்வி போட்டேன், பளபளப்பான பாத்திரங்களால் கேமரா நின்றுபோவது உண்டா என்று. எந்த நாட்டுக்காரரோ ஒருவர், உங்கள் வீட்டில் எத்தனை பாத்திரங்கள் இருக்கின்றன என்று திருப்பிக் கேட்டார். அவர் கேலி செய்கிறாரா, உண்மையாகவே கேட்கிறாரா என்று புரியாமல் பதில் எழுதவில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு பச்சை பிளாஸ்டிக் கிண்ணம் வாங்கிக்கொடுத்தேன். மறுநாள் மதியம் பச்சைக் கிண்ணத்தோடு படம் நின்றது.

என் பக்கத்து இருக்கைத் தோழி அந்தப் படத்தை எட்டிப் பார்த்தாள்.

"தினம் சாப்பாட்டு நேரத்துல கரெக்டா நிக்குதா?"

"ஆமா."

"அப்ப கோளாறு கேமராவுல இல்லடி. சாப்பாட்டுல ஏதோ இருக்கு. பாப்பா சாப்பாட்டை யார் சாப்பிடறான்னு முதல்ல பாரு."

அவள் சொல்லிவிட்டுத் தன் டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதம் சாப்பிட ஆரம்பித்தாள். நான் அன்று சாப்பிடவில்லை. மகள் இளைத்திருக்கிறாளா? மாலை வந்ததும் கையைப் பிடித்துப் பார்த்தேன். கொழுகொழுவென்றுதான் இருந்தாள். வீக்கமாக இருக்குமோ என்று கணவரைக் கேட்டேன். அவர் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டார்.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். தலைவலி என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் படுக்கையறையில் படுத்தேன். கதவை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்துவைத்திருந்தேன். என் வீட்டிலேயே நான் ஒளிந்துகொண்டிருப்பது கேவலமாக இருந்தது. எழுந்து போய் நேராகக் கேட்டுவிடலாமா என்று பலமுறை நினைத்தேன். கேட்டால் மறைத்துவிடுவாரோ? மறைக்க ஒன்றும் இல்லாமல் இருந்து, கேட்டதால் மனம் புண்பட்டு நின்றுவிட்டால்? படுத்தே இருந்தேன்.

மதியம் அக்கா பாயை விரித்தார். மகளை உட்காரவைத்துத் துண்டைக் கட்டினார். பச்சைக் கிண்ணத்தில் பருப்பு சாதத்தைக் குழைத்து எடுத்துவந்து வைத்தார். பிறகு, அடுப்பை அணைப்பதுபோல வெகு சாதாரணமாக, கம்ப்யூட்டர் மேசைக்குப் பின்னால் கையைவிட்டு கேமராவின் வயரைப் பிடுங்கினார். திரும்பி வந்து உட்கார்ந்து, "ஆ காட்டு, ஆ காட்டு, காக்காவுக்குக் குடுத்துடுவேன்" என்று ஊட்டத் தொடங்கினார். எல்லாச் சாதமும் மகளின் வாய்க்குத்தான் போனது. கொஞ்சம் மூக்குக்கும் போனது.

வெளியே வந்தேன்.

"இன்னாமா, எழுந்துட்டியா? டீ போடட்டா?"

"அக்கா, அந்த வயரை ஏன் கழட்டினீங்க?"

"எது, இதுவா?" அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "பாப்பா துன்றப்ப இன்னாத்துக்கு அது? துன்னு முடிச்சதும் சொருகிடுவேன். தெனம் அப்டித்தான்."

"தினமுமா?"

"பின்ன? நீதானேம்மா சொன்ன, ஆபீஸ்ல அத்தினி பேரும் சுத்தி நின்னுகினு பாத்தாங்க, கிண்ணம் காலியாச்சுன்னு வாயப் பொளந்தாங்கன்னு. அன்னிக்கு ராவே புள்ள கக்குச்சா இல்லியா?"

"அது பல் முளைக்கிறதால..."

"பல்லு எல்லாப் புள்ளைக்கும்தான் மொளைக்குது. எல்லாப் புள்ளையும் துன்றத பத்து பேரு டிவில பாக்கறாங்களா?" மகள் வாயைத் திறந்து காத்திருந்தாள். அக்கா ஒரு உருண்டையை உள்ளே வைத்துவிட்டுத் தொடர்ந்தார். "சுத்திப் போடறேன்னேன், வாணாம்ன. படிச்ச பொண்ணு, உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா? சரி, பாத்தாத்தானே கண்ணு படும், அந்த நேரம் மட்டும் மூடி வெச்சிக்கலாம்னு வுட்டுட்டேன்."

"அக்கா, வயரைப் பிடுங்கினா அந்த புரோகிராம் நின்னுபோயிடும். அதுக்கப்புறம் நாள் பூரா எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அதான் திரும்பச் சொருகிட்டேனே!"

"சொருகினாலும் அது தானா வராது. மூடித் திறக்கணும்."

"யம்மா, இன்னா ரோஷம் அதுக்கு! ஒரு தபா கழட்டினா மூஞ்சத் தூக்கிக்கினு பூடுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதும்விட்டேன் என்று நினைக்கிறேன். மகள் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அக்கா அவளைச் சமாதானம் செய்தார். எனக்குத் தரையைக் காட்டினார், உட்கார் என்று. உட்கார்ந்தேன். நாள்கணக்காக நான் பட்ட பாட்டையெல்லாம் சொன்னேன். ஃபார்மட் செய்தது, புதுக் கேமரா, பச்சைக் கிண்ணம் எல்லாம். தோழி சொன்னதை மட்டும் சொல்லவில்லை. ஆனால் அவர் அதையும் தொட்டுவிட்டார்.

"என்னப் பாக்கத்தான் அதை வெச்சிகிறன்னு எனக்குத் தெரியாதாம்மா? நல்லாப் பாத்துக்க. இந்த மூஞ்சில கண்ணு பட்டு இனிமே இன்னா ஆவப் போவுது? புள்ளதான் பாவம்."

எனக்குக் கண்ணேறில் நம்பிக்கை இல்லை. இல்லை என்று இன்றும் சொல்வேன். ஆனால் அன்று அவரோடு வாதாடவில்லை. குழந்தையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத்தான் நான் கேமராவை வைத்தேன். அதற்காகவேதான் அவர் அதைப் பிடுங்கியிருக்கிறார்.

"வயரைத் தொட வேண்டாம்க்கா" என்றேன். "பாப்பா சாப்பிடும்போது கேமராவை வேற பக்கம் திருப்பி வெச்சிடுங்க. முடிஞ்சதும் இந்தப் பக்கம் திருப்பிடுங்க. போதுமா?"

"திருப்பினா நின்னு பூடாதே?"

"நிக்காது."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து கேமராவின் தலையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு முன்னாடியே சொல்லியிருந்தா அந்த மேசைக்குப் பின்னாடி தெனம் குனிய வேணாம். இடுப்பு பேஜாராப் பூச்சு" என்றார்.

அடுத்த நாள் மதியம் அலுவலகத்தில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள், பாய், கிண்ணம். பிறகு அக்காவின் உள்ளங்கை திரையை முழுக்க மறைத்தது. அடுத்த படத்தில் எங்கள் ஜன்னல் கம்பிகளும், பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் காயும் துணிகளும் இருந்தன.

தோழி எட்டிப் பார்த்தாள். "மறுபடியும் நின்னுடுச்சா?"

"இல்ல, ஓடுது. பாரு." ஒரு நீல லுங்கி முதல் படத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்ததில் வயிறு உப்பி நின்றது. அதற்கடுத்ததில் கொடிமேல் சுருண்டு கிடந்தது.

"யாரோட லுங்கியைடி பாத்துக்கிட்டிருக்கே?"

நான் டப்பாவைத் திறந்து தயிர் சாதம் சாப்பிட்டேன். லுங்கி ஆடி முடித்து, ஒரு காகம் கொடியில் வந்து உட்கார்ந்து போன பிறகு, மறுபடி உள்ளங்கை வந்தது. அதன் பின்னால் மகள். வாய் துடைத்து, கன்னத்தில் பெரிதாக ஒரு மைப் பொட்டு வைத்திருந்தது. காலையில் நான் கிளம்பும்போது அது இல்லை.

எழுந்துபோய் மேலாளரிடம் புதிய திட்டத்துக்கு வருகிறேன் என்று சொன்னேன். "நல்லா யோசிச்சீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இருக்கைக்குத் திரும்பியதும் அவசரப்பட்டுவிட்டேனோ என்று யோசித்தேன். திரையில் மகள் அக்காவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த படத்திலும் தூங்கினாள். அதற்கடுத்ததிலும் தூங்கினாள். படம் நின்றுவிட்டதா என்று பயந்து முகத்தைத் திரையருகே கொண்டுபோனேன். அக்காவின் வாய் கொட்டாவியில் மெல்லத் திறந்துகொண்டிருந்தது. நான் என் வேலையைப் பார்க்கத் திரும்பினேன்.