முக்கால் கட்டிப் பம்பரம்

மலாய் நாடு சுதந்திரம் அடையப் போகிற வருடம் அது. கோப்பிக் கடைகளிலும் வானொலியிலும் பெரியவர்கள் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். காஜா பேராங்கில் எங்கள் வீட்டில் மட்டும் வேறொரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. ஒன்பது வயதுப் பையனுக்குப் பம்பரம் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்பதே அது. அந்தப் பையன் நான்தான்.

மெர்டேக்கா என்ற சுதந்திர தினக் கொண்டாட்டத்தில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுகள் வைப்பதென்று பெரியவர்கள் கூடி முடிவு செய்திருந்தார்கள். அதில் பம்பரச் சண்டையும் ஒன்று. ஒருவன் வட்டத்துக்குள் தன் பம்பரத்தைச் சுற்ற விடுவான். அடுத்தவன் தன்னுடையதை அதன்மேல் மோத விடுவான். எது கடைசிவரை விழாமல் சுற்றி நிற்கிறதோ அது ஜெயித்தது. அரைக் கட்டி, முக்கால் கட்டி, ஒரு கட்டி என்று பம்பரத்தின் எடைப்படி மூன்று பிரிவுகள். அப்போது கடைகளில் எல்லாம் கட்டிக் கணக்கில்தான் நிறுப்பார்கள். ஒரு கட்டி என்பது இன்றைய அறுநூறு கிராமுக்குச் சற்று அதிகம். ஒரு பையன் ஒரு பிரிவில் மட்டும்தான் சேரலாம்.

எந்த விளையாட்டிலும் சேராத பிள்ளைகள் காகிதக் கொடி பிடித்துக்கொண்டு மேடையில் பாட வேண்டும் என்றும் முடிவாகியிருந்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளியில் வருகைப் பதிவில் என் பெயரைக் கூப்பிட்டாலே எனக்குக் குரல் வராது. பக்கத்துப் பையன்தான் எனக்காகவும் சேர்த்துக் கத்துவான். ஊரே பார்க்கப் பாடுவதென்றால் அதற்கு முன்பே நான் மயங்கி விழுந்துவிடுவேன் என்று உறுதியாக நம்பினேன். ஆகவே பம்பரம் விட்டே தீர வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். மற்ற விளையாட்டுகளுக்கு ஓட வேண்டியிருந்தது. ஓட்டத்திலும் நான் கடைசி.

அம்மாவின் தம்பியான மாமா எங்களோடு தங்கி லோரியில் உதவியாளாக வேலை பார்த்துவந்தார். நாள் முழுக்க மூட்டை ஏற்றி இறக்குகிறவர் என்பதாலோ என்னவோ, கனம் இல்லாத எதையும் அவர் மதிப்பதில்லை. அப்பா ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளர். மெல்லிய துணியை விரித்துக் காட்டி மடித்து மடித்து அவருடைய பேச்சும் மெல்லியதாகவே ஆகிவிட்டிருந்தது. இருவரும் மாலையில் பின்வாசலில் உட்கார்ந்து என் எதிர்காலத்தைத் தீர்மானித்தார்கள்.

“ஒரு கட்டியிலயே போடுவோம் மச்சான். கனமா இருந்தாதான் எதிராளி காசிங் பறக்கும்” என்பார் மாமா. மலாயில் பம்பரத்துக்குக் காசிங் என்று பெயர்.

“அவன் கையப் பாரு, முருங்கக்கா மாதிரி இருக்கு. தூக்க முடியாதத வச்சிக்கிட்டு என்னா செய்வான்? அரைக் கட்டி போதும்.”

“அரைக் கட்டியில பொடிப் பிள்ளைங்கதான் விளையாடும். ஜெயிச்சாகூட மரியாத இல்ல.”

“தோத்தா காலு ஒடியாதுல்ல.”

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

இரண்டு வீடு தள்ளி ஒரு தச்சர் இருந்தார். செட்டிக் கம்பத்துக்காரர், தலைமுறைகளாக மலாய் பேசிவரும் தமிழ் வம்சம். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வருவார். நெற்றி நிறைய விபூதி இருக்கும், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். சித்தப்பா என்பது போல மலாயில் பாக் சிக் என்று கூப்பிடுவோம். அலமாரி செய்து மிஞ்சும் கட்டைகளில் பம்பரம் கடைவது அவருக்குப் பொழுதுபோக்கு. மாமா போய்க் கேட்டதும் மூன்று அளவிலும் ஒவ்வொன்று எடுத்துக் கொடுத்து, “சுபா டூலு லா” என்றார். முதலில் விட்டுப் பாருங்கள் என்று அர்த்தம்.

மாமாவுக்கு அளவில் சந்தேகம். மூன்றையும் சீனர் கடைக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்தார். கடைக்கார தௌக்கே பொறுமையாக நிறுத்துக் கொடுத்துவிட்டு, இவற்றை எப்படிச் சமைப்பீர்கள் என்று விசாரித்தார்.

பயிற்சி தொடங்கியது. ஒரு கட்டிப் பம்பரம் என் கையிலிருந்து நேராக மாமாவின் கால் பக்கம் இறங்கியது. மாமா ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டே, “வேகம் இருக்கு, குறிதான் இல்ல” என்றார். அரைக் கட்டி பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டுக்குள் போனது. அதற்கு அப்பா, “பழகணும், பழகணும்” என்றார். இரண்டு பேரும் சமாதானமாகி முக்கால் கட்டியைக் கொடுத்துப் பார்த்தார்கள். அது தேங்காய் போல உருண்டு சாக்கடைக்குள் விழுந்தது. நான் இறங்கி எடுத்துக் கழுவினேன். மறுநாளும் அதே வரிசை. கால், கோழிக்கூண்டு, சாக்கடை.

பாக் சிக்கின் மகனுக்கு என் வயதுதான். சுற்றுகிற பம்பரத்தை உள்ளங்கையில் ஏந்தி அதை வைத்துக்கொண்டே தெருவில் நடந்து போவான். எங்கள் வேலிமேல் உட்கார்ந்து என்னைப் பார்த்துவிட்டு, “டியா தா போலே லா” என்று கீழே இருந்தவர்களுக்கு அறிவிப்பான். இவனால் முடியாது என்பதற்கு மலாய் அகராதி வேண்டியதில்லை. அவன் முகமே சொல்லிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நான் பிறந்ததிலிருந்து இடது கைக்காரன். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. சோற்றைத் தானாக அள்ளித் தின்ன ஆரம்பித்த நாளிலிருந்து என் இடது கை நீண்டால் மணிக்கட்டில் ஒரு தட்டு விழும். அம்மா பரிமாறும் கரண்டியைக் கீழே வைக்காமலே தட்டிவிடுவார். வலிக்காது, ஆனால் அத்தனை வேகம். கை நீண்டது எனக்கே தெரிவதற்குள் தட்டு விழுந்திருக்கும். விபூதி வாங்கும்போது, கடையில் காசு கொடுக்கும்போது, பென்சில் பிடிக்கும்போது, எல்லா இடத்திலும் அப்படித்தான். ஒன்பது வயதில் நானே என்னை வலது கைக்காரன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் விளங்காத வலது கை, அவ்வளவுதான். அதனால் அப்பாவும் மாமாவும் எடையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார்களே தவிர, கையைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் நினைப்பு வரவில்லை.

பெயர் எழுத வருகிற நாள் வந்தது. கொண்டாட்டத்தை நடத்தும் பெரியவர்கள் வீடு வீடாக வந்துகொண்டிருந்தார்கள். பம்பரம் நின்றால் பம்பரம், நிற்காவிட்டால் பாட்டு. அவர்கள் தெருமுனைக்கு வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் மாமாவும் அப்பாவும் கடைசித் தடவையாகச் சண்டையைத் தொடங்கினார்கள். என் கையில் முக்கால் கட்டி இருந்தது. சாட்டைக் கயிறு சிக்கலாகி விரலெல்லாம் மாட்டிக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

அம்மா சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தார்.

“ரெண்டு ஆம்பளைங்க, ஒரு பம்பரம். இன்னுமா முடியல?”

“நீ உள்ள போக்கா. இது ஒனக்குத் தெரியாத விசயம்” என்றார் மாமா.

அம்மா என் கையிலிருந்து பம்பரத்தையும் கயிற்றையும் வாங்கினார். இரண்டு இழுப்பில் சிக்கலை எடுத்தார். பிறகு சுற்ற ஆரம்பித்தார். அவ்வளவு வேகமாக, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி தெரியாமல், யாரும் சுற்றி நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு தவறு இருந்தது. மாமா எனக்குச் சொல்லிக் கொடுத்த பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தார். பாவம், அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். சொல்லத் தைரியம் வரவில்லை. வாங்கிப் பிடித்தபோது மிச்சக் கயிறு என் இடது கைப் பக்கமாக நீண்டது. அந்தக் கை விரலில் மாட்டிக்கொள்ளத்தான் வாகாக இருந்தது. மாட்டினேன். வீசினேன்.

பம்பரம் நின்றது.

வண்டு ரீங்கரிப்பது போல் ஒரு சத்தம். இடம் நகராமல், தலை அசையாமல், தூங்குகிற மாதிரி நின்றது. அப்பாவும் மாமாவும் குனிந்து பார்த்தார்கள். உடனே மறுபடி தொடங்கிவிட்டார்கள்.

“பாத்தீங்களா மச்சான்! அரையிலேருந்து கால் கட்டி ஏத்தினோம், நின்னுருச்சி!”

“ஒண்ணுலேருந்து கால் கட்டி கொறைச்சோம், நின்னுருச்சி.”

நான் அம்மாவை மட்டும் பார்த்தேன். வீசிய இடது கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. தட்டு விழுவதற்காக மணிக்கட்டு காத்திருந்தது. அம்மா கிட்டே வந்தார். மணிக்கட்டைப் பிடித்தார். விரலில் தளர்ந்திருந்த கயிற்றை இறுக்கி மாட்டிவிட்டார்.

“விளையாட்டுக்கு மட்டும்” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “சோத்துக்கு இல்ல.”

குழம்பு தீய்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

கொண்டாட்டத்தன்று திடல் நிறையக் கூட்டம். எனக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தெரியாததால் பம்பரத்தை எடுத்துக்கொண்டு பெண்கள் நின்ற பக்கம் அம்மாவிடம் ஓடினேன். அம்மா யாருக்கும் முகம் காட்டாமல் திரும்பி நின்று சுற்றிக் கொடுத்தார். முதல் ஆட்டமே பாக் சிக்கின் மகனோடு. நடுவர் பாக் சிக்.

அவன் தன் பம்பரத்தை விட்டான். அதன் பக்கத்தில் என்னுடையதை வீசினேன். பம்பரங்கள் தொட்டுக்கொண்டால் அடித்துத் தெறித்து ஓடும், அதுதான் வழக்கம். இவை தெறிக்கவில்லை. என்னுடையது எதிர்ப்பக்கமாகச் சுற்றியதால் இரண்டும் தோளோடு தோள் சாய்ந்துகொண்டு, கைகோத்து நடக்கிற இரண்டு பேர் மாதிரி வட்டத்தைச் சுற்றி வந்தன. கூட்டம் சிரித்தது. எவ்வளவு தூரம் அப்படிப் போயின என்று தெரியவில்லை. முதலில் அவனுடையது சோர்ந்து படுத்தது. என்னுடையது இன்னும் கொஞ்சம் தள்ளாடிவிட்டு அதன் பக்கத்திலேயே படுத்தது.

“தலைகீழாச் சுத்துது! செல்லாது!” என்று அவன் மலாயில் கத்தினான்.

பாக் சிக் குனிந்து என் கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் அம்மா நின்ற பக்கம் பார்த்தார். அம்மா இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தார்.

“கீரி புன் போலே” என்று அறிவித்தார் பாக் சிக். இடது கையும் ஆகும்.

அடுத்த ஆட்டத்தில் என்னைவிடப் பெரிய பையன் ஒருவன் ஒரே அடியில் என் பம்பரத்தை வட்டத்துக்கு வெளியே அனுப்பிவைத்தான். எனக்கு வருத்தமே இல்லை. மேடையில் காகிதக் கொடியோடு பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் ஒரு பாட்டைக் கேட்டதில்லை.

ஓர் ஆட்டம் ஜெயித்தவர்களுக்கெல்லாம் ஒரு எனாமல் குவளை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதைக் கழுவிக் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். நான் இடது கையை நீட்டினேன். ஒரு தட்டு விழுந்தது. சிரித்துக்கொண்டே வலது கையால் வாங்கிக்கொண்டேன்.

மாமா அதன்பின் பல வருடங்கள், சின்னப் பிள்ளை உள்ள வீடுகளில் எல்லாம், “ஆரம்பத்துல முக்கால் கட்டிதான் போடணும்” என்று ஆலோசனை சொல்லி வந்தார். அப்பாவும் அதை மறுக்கவில்லை. நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தேன். எடை சரியாக அமைந்தது. அம்மா தெரியாமல் தவறாகச் சுற்றியதும் ஒரு அதிர்ஷ்டம்.

அம்மாவுக்கு நிதானமான கை என்று உறவினர்கள் புகழ்வார்கள். காய் நறுக்க நேரம் எடுப்பார். கோலத்தின் கோடு நடுங்கும். விரல்களில் கத்தி பட்ட தழும்புகள் உண்டு. அவர் கை விரைந்து நான் பார்த்தது இரண்டே காரியங்களில். ஒன்று அந்தப் பம்பரத்துக்குக் கயிறு சுற்றியது. இன்னொன்று என்னைத் தட்டியது.

வலது கையில் கரண்டி இருப்பதால் மற்ற கையால் தட்டுகிறார் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். ஆனால் கோயில் வாசலிலும், கடைத்தெருவிலும், கரண்டி எதுவும் இல்லாத எல்லா இடங்களிலும், என் இடது கையைத் தட்ட முந்திக்கொண்டு வந்தது அம்மாவின் இடது கைதான்.